இலக்கமில்லாத் துவக்கு

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே, விற்பனைக்கென்றல்லாது தன் சொந்தப் பாவனைக்கென ஒருவன் துவக்கொன்றைத் தன் வீட்டிலேயே செய்துகொள்வதற்கு மத்திய அரசின் அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை. துவக்கு வைத்திருக்கச் சட்டத்தால் தடுக்கப்படாதவனாக அவன் இருந்தாற் போதும். சில மாநிலங்கள் இதற்குக் கட்டுப்பாடு விதித்துள்ளன. ஏனைய மாநிலங்களில், குழலை ஓரிடத்திலும் பிடியை வேறோரிடத்திலும் விசையை மற்றோரிடத்திலும் வாங்கி, தன் தோளுக்கும் கைக்கும் ஏற்றவாறு பொருத்திச் சீர்செய்து, ஒரு விசையழுத்தத்துக்கு ஒரு குண்டாகத் தொடர்ந்து சுடவல்ல அரைத் தன்னியக்கத் துவக்கொன்றைச் சாதாரண குடிமகன் தன் வீட்டு மேசையிலே உருவாக்கி விடுகிறான். பலருக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு.

எம்மிளைஞர் சிலர் இதனை அறிந்து எம்மை நோக்கி ஒரு வினா எழுப்புகின்றனர். அமெரிக்கன் வேடிக்கைக்காகச் செய்வதை, இரவெல்லாம் பரணிற் காவலிருந்து, விடியும் வேளையிற் பன்றி உழுதுவிட்ட வயலைக் கண்டு நெஞ்சம் பதைக்கும் எங்கள் கமக்காரன் தன் வயிற்றுக்காகச் செய்தால் அது எவ்வாறு குற்றமாகும் என்பதே அவ்வினா. இது அலட்சியஞ் செய்யத்தக்க வினாவன்று. உணர்ச்சியால் விடை கூறத்தக்கதுமன்று. அமெரிக்காவிலே அந்த உரிமை எவ்வாறு நடைமுறையில் இயங்கியது, அதன் பலன் யாது என்பதை முதலில் ஆராய்ந்து, பின்னர் எம் வயல்களுக்கு வருவோம்.

இன்று அமெரிக்கர் வீடுகளில் உருவாகும் அரைத் தன்னியக்கத் துவக்குகளிற் பெரும்பாலானவை 'ஏ.ஆர். 15' என்னும் ஒரே அமைப்பைப் பின்பற்றுவன. 1950ஆம் ஆண்டுகளில் ஆர்மலைற் என்னும் நிறுவனத்திலே இயூஜின் ஸ்ரோனர் என்னும் பொறியியலாளர் வகுத்த அமைப்பு அது. 1959இல் கோல்ற் நிறுவனம் அதன் உரிமையை வாங்கியது. இராணுவத்துக்கான தன்னியக்க வடிவம் வியற்னாம் போரிற் பயன்பட்டது. பொதுமக்களுக்கான அரைத் தன்னியக்க வடிவம் கடைகளில் விற்கப்பட்டது. 1977இல் ஆக்கவுரிமைக் காலம் முடிவுற்றதும், யார் வேண்டுமானாலும் அதன் பாகங்களைச் செய்து விற்கும் நிலை உண்டாயிற்று. ஒருவர் செய்த குழல் மற்றொருவர் செய்த உடலிற் பொருந்துமாதலால், பாகம் பாகமாக வாங்கித் தனக்கென ஒன்றைக் கட்டிக்கொள்ளும் வழக்கம் பரவியது.

இவ்வழக்கத்தில் ஈடுபடுவோர் அனைவரும் கொலைஞர் என நாம் கூறமாட்டோம். அவ்வாறு கூறுவது பொய்யாகும். அவர்களுள் இலக்குச் சுடும் போட்டியாளர் உளர். கைத்தொழிலில் இன்பங் காண்போர் உளர். விசையின் பாரத்தைக் குறைத்துக் கூட்டி, குழலின் நீளத்தை மாற்றிப் பார்த்து, பத்துக் குண்டுகளும் ஒரு காசளவு வட்டத்துள் விழும்வரை பொறுமையுடன் திருத்துவோர் உளர். ரெக்சாஸ் மாநிலத்திலே காட்டுப்பன்றிக் கூட்டங்கள் தானியப் பயிரை அழிக்கின்றன. அவற்றைச் சுடுவதற்கு அங்குள்ள விவசாயி இத்தகைய துவக்கையே எடுத்துச் செல்கிறான். அந்த விவசாயியின் துயரம் எம்மவருக்குப் புதிதன்று. ஆகவே, நாம் ஆராயவேண்டியது செய்பவனின் குணத்தையன்று. அவன் செய்யும் பொருளுக்குக் கணக்கு உண்டா என்பதையே.

அமெரிக்கச் சட்டத்திலே அக்கணக்கு எவ்வாறு வைக்கப்பட்டது? 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ரொபேட் கெனடியும் சுட்டுக் கொல்லப்பட்ட அதே ஆண்டிலே, துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறிற்று. துவக்குச் செய்து விற்பவனும் வியாபாரியும் அனுமதி பெறவேண்டும். ஒவ்வொரு துவக்கிலும் தொடரிலக்கம் பொறிக்கவேண்டும். வாங்கியவன் பெயரைப் பதியவேண்டும் என்பன அதன் அடிப்படை. 1993இன் பிரேடிச் சட்டம், அனுமதி பெற்ற வியாபாரி ஒருவனிடம் வாங்குபவனின் முன்வரலாறு ஆராயப்படவேண்டும் என்றது. குற்றவாளியும், மனைவியை அடித்து நீதிமன்றத் தடைபெற்றவனும் கடையில் வாங்கமுடியாத ஏற்பாடு இது.

ஆனால், துவக்கின் பல பாகங்களுள் உடற்பாகம் ஒன்றே சட்டத்தின் கண்ணில் துவக்கு. இலக்கம் பொறிக்கப்படுவது அதிலேதான். குழலும் பிடியும் விசையும் வெறும் சாமான்கள். இவ்விடத்திலே வியாபாரிகள் ஒரு சந்தைக் கண்டுபிடித்தனர். உடற்பாகத்தை முற்றுப்பெறாத நிலையில் விற்றால் அது துவக்கன்று, வெறும் உலோகத்துண்டே என வாதிட்டனர். இலக்கமில்லை, பதிவில்லை, வாங்குபவன் யாரென்ற விசாரணையுமில்லை. எஞ்சிய வேலையை வீட்டில் முடித்துக்கொண்டால் முழுத் துவக்கு ஆயிற்று. அதற்கு உரிமையாளனின் பெயருமில்லை, ஊருமில்லை. 'பேய்த் துப்பாக்கி' என அந்நாட்டவர் அதற்குப் பெயரிட்டனர். வாயிலுக்குப் பூட்டிட்டு மதிலைக் கட்டாது விட்ட கதை இது.

அந்த இடைவெளியால் நுழைந்தவர் யாவர்? கலிபோர்ணியாவின் சன்ரா மொனிக்கா நகரிலே 2013 யூன் 7ஆந் திகதி ஒருவன் தன் தந்தையையும் சகோதரனையும் உட்பட ஐவரைக் கொன்றான். 2011இல் அவன் துப்பாக்கி வாங்க முயன்றபோது அரசாங்கம் மறுத்திருந்தது. மறுக்கப்பட்டவன் பாகங்களைச் சேர்த்துத் தானே துவக்கைக் கட்டிக்கொண்டான். அதே மாநிலத்தின் ராஞ்சோ ரெகாமா என்னும் கிராமப் பகுதியில் 2017 நவம்பரிலே மற்றொருவன் தன் மனைவியைக் கொன்று, மறுநாள் அயலவரையும் வழிப்போக்கரையும் சுட்டான். மாண்டவர் ஐவர். துவக்கு வைத்திருக்க நீதிமன்றம் அவனுக்குத் தடை விதித்திருந்தது. அவன் வீட்டிலே செய்யப்பட்ட அரைத் தன்னியக்கத் துவக்குகளை ஏந்தி வந்தான். அங்கிருந்த ஆரம்பப் பாடசாலையின் ஆசிரியரும் ஊழியரும் வெடிச்சத்தம் கேட்டவுடன் பிள்ளைகளை உள்ளே அழைத்துக் கதவுகளைப் பூட்டியமையால் மாத்திரமே பெருங்கொலை தவிர்ந்தது. நீதிமன்றக் கட்டளை செய்யவேண்டிய வேலையை ஒரு கதவுத் தாழ்ப்பாள் செய்தது!

இவை இரண்டும் தனித்த நிகழ்ச்சிகள் என்று தள்ளிவிடுதல் இயலாது. 2017இல் பொலிசார் விசாரணைக்காக மத்திய அரசுக்கு அனுப்பிய இலக்கமில்லாத் துப்பாக்கிகள் ஏறத்தாழ 1,600. 2021இல் அத்தொகை 19,000ஐத் தாண்டிற்று. இந்த எண்கள் அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பிலேயே இடம்பெற்றுள்ளன. கண்டெடுத்த துப்பாக்கி யாருடையதென அறியும் முயற்சி ஏறத்தாழ முற்றும் பயனற்றுப் போயிற்று என்பது அரசாங்கத்தின் முறைப்பாடு. சாட்சி பேசமுடியாத ஆயுதம் குற்றவாளிக்கு உற்ற நண்பனாகும் என்பதைச் சட்டம் பயின்றவருக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

2022இல் மத்திய அரசு ஒரு விதியை ஆக்கிற்று. எளிதிற் துவக்காக மாற்றக்கூடிய பாகப்பெட்டியும் துவக்கே. அதனை விற்பவன் அனுமதி பெற்று, இலக்கம் பொறித்து, வாங்குபவனை விசாரித்தே கொடுக்கவேண்டும் என்றது அவ்விதி. வீட்டில் துவக்குச் செய்வதை அது தடைசெய்யவில்லை. வியாபாரிகளும் ஆர்வலரும் வழக்கிட்டனர். ரெக்சாஸ் நீதிமன்றம் விதியைத் தள்ளியது. வழக்கு மேலேறி, 2025 மார்ச் 26ஆந் திகதி உயர் நீதிமன்றம் ஏழு நீதியரசர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக விதி செல்லுமெனத் தீர்த்தது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் கோர்சச். அவர் ஜனாதிபதி ட்ரம்பினால் 2017இல் நியமிக்கப்பட்டவர். துப்பாக்கி உரிமைக்கு எதிரானவரெனப் பெயரெடுத்தவரல்லர். மாறுபட்டவர் தோமஸ், அலிற்றோ ஆகிய இருவர்.

அத்தீர்ப்பின் நியாயம் எளியது. சுடுவதற்கென வகுக்கப்பட்ட அல்லது எளிதில் அவ்வாறு மாற்றக்கூடிய ஆயுதம் துவக்காகும் என்று 1968இன் சட்டமே கூறுகிறது. கடையிலிருந்து பாகங்களாகக் கொண்டுவந்த மேசையை, இன்னும் பூட்டி முடியாதபோதும், மேசை என்றே மனிதர் அழைக்கின்றனர். நீதிமன்றத்தின் முன் காட்டப்பட்ட ஒரு கைத்துப்பாக்கிப் பெட்டியை, அதனை முன்னர் அறியாத ஒருவர் சாதாரணக் கருவிகளைக் கொண்டு 21 நிமிடங்களிற் சுடவல்ல துப்பாக்கியாக்கினார். இதனைத் துப்பாக்கியன்று என்றால் அச்சொல்லுக்குப் பொருளே இல்லை. எல்லாப் பெட்டிகளும் எல்லாப் பாகங்களும் விதிக்குள் அடங்கும் என்று நீதிமன்றம் கூறவில்லை. விதி முழுவதையும் செல்லாதெனத் தள்ளுவதற்கு இடமில்லை என்ற அளவிலேயே நின்றது. ஆயினும், பெயரை மாற்றிச் சட்டத்தை ஏமாற்றலாகாது என்ற கொள்கை அங்கு நிலைநாட்டப்பட்டது.

இதற்கு மாறாகக் கூறப்படும் வாதங்கள் மூன்று. அவற்றை ஒளியாது எடுத்துரைத்து விடை கூறுதல் எமது கடன்.

முதலாவது: தீர்மானித்தவனைச் சட்டம் தடுக்காது என்பது. யப்பானைப் பாருங்கள், துப்பாக்கிச் சட்டம் மிகக் கடுமையான அந்நாட்டிலேயே 2022 யூலை 8ஆந் திகதி முன்னாட் பிரதமர் சின்சோ அபே வீட்டிற் செய்த துப்பாக்கியால் நாரா நகரிற் கொல்லப்பட்டாரல்லவா என்கின்றனர். உண்மையே. ஆனால், களவு ஒன்று நடந்ததென்பதற்காகத் தண்டனைச் சட்டக்கோவையை எரித்துவிடுவார் உண்டா? யப்பானிலே துப்பாக்கியாற் சாவோர் ஆண்டுதோறும் மிகச் சிலர். அமெரிக்காவிலோ 2021 என்ற ஓராண்டிலே 48,830 பேர் துப்பாக்கியால் மாண்டனர். அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். அபேயின் மரணத்தின் பின் யப்பானியர் சட்டத்தைக் கைவிடவில்லை. 2024இல் அதனை மேலும் இறுக்கி, சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருக்கத் தூண்டும் விதத்திற் செய்முறையைப் பரப்புவதையும் குற்றமாக்கினர்.

இரண்டாவது: குற்றமற்ற ஆர்வலனை ஏன் வருத்தவேண்டும் என்பது. இலக்கமொன்றைப் பொறித்துத் தன் பெயரைப் பதிவதால் நேர்மையானவனுக்கு நேரும் வருத்தம் யாது? எம்மவர் மாட்டுக்குக் குறிசுட்டனர். காணிக்கு உறுதி முடிக்கின்றோம். துவிச்சக்கர வண்டிக்குக்கூட இலக்கத்தகடு பூட்டி ஓடிய காலம் ஒன்றிருந்தது. உயிரைக் குடிக்கும் பொருளுக்கு மட்டும் உரிமையாளன் பெயர் வேண்டாமென்பது என்ன நீதி?

மூன்றாவது வாதமே கனமானது. அரசு கொடுங்கோன்மை புரியும்போது மக்களின் கையிலே ஆயுதம் இருத்தல் வேண்டும். அதுவும் அரசின் பதிவேட்டிற் படியாத ஆயுதமாதல் வேண்டும் என்பது. அமெரிக்காவிலே 1791ஆம் ஆண்டின் இரண்டாந் திருத்தத்தைக் காட்டி இதனைக் கூறுவர். தமிழரின் செவிக்கு இவ்வாதம் இனிமையாக ஒலிக்கக்கூடும். அரசின் அநீதியை நாம் ஏட்டிற் படித்தவரல்லேம்; எம் முதுகிலே தாங்கியவர்கள். 1961இலே கச்சேரி வாயில்களில் அறவழியில் அமர்ந்த ஆண்களையும் பெண்களையும் இராணுவங்கொண்டு அகற்றியது இந்நாட்டு அரசு. அதன்பின் நேர்ந்தவற்றை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆயினும் அனுபவம் புகட்டிய பாடத்தை மறைத்தல் துரோகமாகும். 2009 மே மாதத்தில் முடிவுற்ற போரின் நீண்ட ஆண்டுகளில், கணக்கில்லாத் துவக்குகளின் நடுவே நாம் வாழ்ந்தோம். அத்துவக்குகள் பகைவனை நோக்கி மட்டும் திரும்பினவா? அரசின் துணையோடு திரிந்த கூட்டத்தினரின் கையிலும் இருந்தன. அரசை எதிர்த்தோர் கையிலும் இருந்தன. ஆசிரியரும் வழக்கறிஞரும் பத்திரிகையாளரும் மக்கள் பிரதிநிதிகளும் வீழ்ந்தபோது, சுட்டவன் யாரென்று கேட்க எவராலும் முடியவில்லை. கேட்டவன் அடுத்தவனாக வீழ்ந்தான். ஆயுதத்துக்குக் கணக்கில்லாத நாட்டிலே சொல்லுக்கு உயிரில்லை. கொடுங்கோன்மைக்கு மருந்தெனக் கூறப்பட்ட அதே பொருள் சிறு சிறு கொடுங்கோலரை ஊர்தோறும் உண்டாக்கியதை நாம் கண்ணாரக் கண்டோம்.

எனவே, கணக்கு என்னும் கொள்கையைக் குடிமக்களுக்கு மட்டும் நாம் கூறவில்லை. அரசின் துவக்குக்கும் அதே கணக்கு வேண்டும். எந்தத் துவக்கு எந்தப் படையினனிடம் எந்நாளில் இருந்தது, எந்தக் குண்டு எவர் கட்டளையாற் பாய்ந்தது என்பதற்கு ஏடு இருந்தாக வேண்டும். காணாமல் ஆக்கப்பட்ட தம் மக்களின் படத்தை நெஞ்சோடு அணைத்துத் தெருவோரங்களில் அமர்ந்திருந்த தாய்மார் கேட்டது இக்கணக்கையன்றி வேறென்ன? கமக்காரனின் வேட்டைத் துவக்குக்கு ஆண்டுதோறும் புதுப்பித்தல் கேட்கும் அரசு, தன் களஞ்சியத்தின் ஏட்டைத் திறக்க மறுப்பதற்கு யாதொரு நியாயமுமில்லை.

இனி எம் வயலுக்கு வருவோம். இலங்கையிலே 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம், அனுமதியின்றித் துவக்குச் செய்வதையும் வைத்திருப்பதையும் குற்றமாக்குகிறது. இருந்தும், காட்டோரக் கிராமங்களில் இடியன் துவக்கும் கட்டுத்துவக்கும் மறையவில்லை. காட்டுப்பன்றி வரும் தடத்திலே ஆளின்றித் தானே வெடிக்குமாறு வைக்கப்படும் கட்டுத்துவக்குக்குப் பன்றி எது, மனிதன் எது என்று தெரியாது. விறகுக்கும் தேனுக்கும் போனவனின் காலையும், மாட்டைத் தேடிப்போன சிறுவனின் முழங்காலையும் அது சிதைக்கிறது. யானையின் காலிற் புண்ணாகி, அது நாட்கணக்காக வேதனையில் அலைந்து மடிகிறது. வைத்தவனே மறந்து மிதித்து மாண்டதுமுண்டு. இதனைப் பயிர்க்காவல் என்பது வேலியே பயிரை மேய்வதற்கு ஒப்பாகும்.

ஆனால், அமெரிக்கனுக்கும் எம்மவனுக்கும் உள்ள வேற்றுமையை அதிகாரிகள் உணரவேண்டும். அங்கே விருப்பத்தாற் செய்கிறார்கள். இங்கே வேறு வழியின்மையாற் செய்கிறார்கள். நேர்வழியிலே அனுமதி கேட்பவன் கிராம சேவகர், பொலிசு, பிரதேச செயலகம், மாவட்டச் செயலகம் எனப் படியேறி இறங்குகிறான். மறுத்தாற் காரணமில்லை, தாமதித்தாற் கேள்வியில்லை. 2025 மார்ச் 15ஆந் திகதி காலையில் ஐந்து நிமிட நேரம் தத்தம் காணியில் நின்ற குரங்கையும் மரஅணிலையும் மயிலையும் எண்ணித் தருமாறு அரசாங்கம் நாடு முழுவதையும் கேட்டது. அழிவு உண்டென்பதை அரசே ஒப்புக்கொண்டதற்கு அது சாட்சி. எண்ணியபின் செய்யவேண்டியதைச் செய்தலன்றோ ஆட்சி?

நியூசிலாந்திடம் நாம் கற்கலாம். கிறைஸ்ற்சேர்ச் பள்ளிவாசல்களில் 2019 மார்ச் 15ஆந் திகதி 51 பேர் கொல்லப்பட்டபின், ஒரு மாதம் முடியுமுன்னரே அந்நாட்டுப் பாராளுமன்றம் இராணுவப் பாங்கான அரைத் தன்னியக்கத் துவக்குகளை 119 வாக்குகளுக்கு ஒரு வாக்கு என்ற கணக்கிலே தடைசெய்தது. எனினும், விவசாயிக்கு வேண்டிய சிறு துவக்குகளையும் குறைந்த குண்டு கொள்ளும் வேட்டைத் துவக்குகளையும் விட்டுவைத்தது. பயிருக்கான தேவை வேறு, படைக்கான ஆயுதம் வேறு என்று பிரித்தறிந்த சட்டம் அது.

ஆதலால் நாம் கோருவன இவை. பயிர்க்காவலுக்கான விண்ணப்பத்துக்குக் குறித்த காலத்துள் எழுத்தில் விடை கொடுக்கப்படவேண்டும். மறுப்பின் காரணம் கூறி, மேன்முறையீட்டுக்கு வழி வகுக்கவேண்டும். விண்ணப்பமும் விடையும் தமிழ்ப் பகுதிகளிலே தமிழில் இருத்தல் வேண்டும். யானை வேலியும் பயிரழிவுக்கான இழப்பீடும் பருவம் முடியுமுன் வந்துசேரவேண்டும். வீட்டிற் செய்த துவக்கைத் தாமாக ஒப்படைப்போருக்குப் பொதுமன்னிப்பும், ஒப்படைத்த உண்மையான கமக்காரனுக்கு அனுமதி பெறுவதில் முன்னுரிமையும் அளிக்கப்படவேண்டும். இவற்றைச் செய்யாது, இரும்புக் குழாயோடு பிடிபட்ட ஏழையை மட்டும் மறியலில் தள்ளுவது சட்டத்தின் வெற்றியாகாது.

எம் படித்த வகுப்பாருக்கும் ஒரு சொல். கமக்காரர் அமைப்புகள் தோறும் ஒரு வழக்கறிஞரும் ஓர் ஆசிரியரும் மாதத்தில் ஒரு நாள் அமர்ந்து விண்ணப்பங்களை எழுதிக்கொடுத்தால், மறுப்புகளைத் தொகுத்தால், வேண்டியவிடத்து வழக்கிட்டால், எத்தனையோ கால்கள் தப்பும். மேடையில் முழங்குவதிலும் இது கடினம். ஆனாற் பயன் பெரிது.

எம் கமக்காரரை நாம் வேண்டுவது இதுவே: காட்டுத் தடத்தில் வைத்த துவக்கை இன்றே அகற்றுங்கள். இரவிலே அத்தடத்தில் வருவது பன்றியென்று உங்களுக்கு உறுதி கூறுவார் எவருமில்லை. உங்கள் வயலைக் காக்கும் கடன் அரசினுடையது. அக்கடனை நிறைவேற்றுமாறு அரசை நெருக்குவதற்கு, உங்கள் பெயரால், பகல் வெளிச்சத்திலே, நாம் உங்களோடு நிற்போம்.